கடவுச்சொல் சௌந்தரவல்லியிடம்

ஜூன் 2, ஞாயிறு

சங்கக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. நல்லபடியாக என்றால், செயலாளராக நான் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. இனி எங்கள் கார்முகில் அபார்ட்மெண்ட்ஸின் வாசல், மாடிப்படி, லிஃப்ட், பார்க்கிங் எல்லா இடத்திலும் கேமரா. ஒரு மாதமாகச் செருப்புகள் காணாமல் போகின்றன. அதுவும் ஜோடியாக இல்லை, ஒற்றை ஒற்றையாக. ஒற்றைச் செருப்பைத் திருடுகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எதிர்த்துப் பேசியது மூன்றாம் மாடி ரெபெக்கா மட்டும். வாடகைக்கு இருக்கிற பெண். முப்பது வயதிருக்கும். ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் தகவல்களைப் பூட்டிவைக்கிற வேலையாம்.

"அதை யார் உக்காந்து பாப்பாங்க? எத்தனை நாள் வச்சிருப்பீங்க? யார் வந்து கேட்டாலும் எடுத்துக் குடுத்துருவீங்களா?" என்று அடுக்கினாள்.

"ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதவங்க எதுக்கும்மா பயப்படணும்?" என்றேன்.

"உங்க வீட்டு பாத்ரூமுக்குக் கதவு இருக்குதுங்களா ஆன்ட்டி?"

சிலர் சிரித்தார்கள். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் பேசுகிற பேச்சா இது? வாடகைக்காரர்களுக்கு ஓட்டுக் கிடையாது என்பதை மட்டும் நினைவூட்டினேன்.

கடைசியில் அவள் பிடிவாதத்துக்காக ஒன்றை ஒப்புக்கொண்டோம். பதிவாகும் படங்கள் பூட்டியே இருக்கும். சாவி போட்டுத் திறக்கிற பூட்டு அல்ல, என்கிரிப்ஷன். படம் முழுவதும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக மாறிவிடுமாம். கடவுச்சொல்லைப் போட்டால்தான் மறுபடி படமாகும். கேமரா விற்ற கம்பெனியாலேயே திறக்க முடியாது. கடவுச்சொல் ஒரே ஒருவரிடம்தான் இருக்க வேண்டும் என்றாள்.

தலைவர் தெய்வசிகாமணி, பம்ப்செட் கம்பெனி வைத்திருப்பவர், உடனே எழுந்தார். "சௌந்தரவல்லி மேடம் வச்சுக்கட்டுங்க. டெலிபோன் டிபார்ட்மெண்ட்டுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க. இந்தக் கோயமுத்தூர் ரகசியம் பூராவும் அவங்க காதுல போயிருக்கு. ஒண்ணாச்சும் வெளிய வந்திருக்குதா?" என்றார். கைதட்டினார்கள்.

அவர் சொன்னது வாஸ்தவம். டிரங்கால் இணைப்புக் கொடுத்ததும் லைன் சரியாக இருக்கிறதா என்று சில விநாடிகள் கேட்பது எங்கள் கடமை. சில லைன்களைக் கொஞ்சம் அதிக நேரம் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

ஜூன் 4

நந்து அனுப்பிய பார்சல் வந்தது. ஏப்ரலில் சமையலறையில் வழுக்கி விழுந்ததை அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது. மகன் மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு என் ஹாலுக்கு ஒரு கேமரா வாங்கி அனுப்பியிருக்கிறான். கடை ஆள் வந்து டி.வி. அலமாரியில் பொருத்திவிட்டுப் போனார். கோழிமுட்டை அளவுதான் இருக்கிறது. பேசவும் செய்கிறது. நைட்டியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அலமாரியிலிருந்து, "அம்மா, பி.பி. மாத்திரை போட்டியா?" என்றது. கத்தி விரலில் பட்டுவிட்டது.

ஜூன் 6

துண்டு காயப்போட வேறு இடம் இல்லை. டி.வி. அலமாரிமேல் போட்டிருக்கிறேன்.

நந்து கூப்பிட்டான். "கேமரா இருட்டா இருக்கேம்மா." ஈரத் துண்டு என்றேன். "எடுத்துடும்மா." காய்ந்ததும் எடுக்கிறேன் என்றேன்.

எந்த வெயிலுக்கும் சில துண்டுகள் சீக்கிரம் காய்வதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

சங்கத்துக் கேமராக்களை மாட்டியாயிற்று. எல்லாம் என் போனிலேயே தெரிகின்றன. மாட்டியவர், "கடவுச்சொல்லை அஞ்சு தடவை தப்பாப் போட்டா பதிவு பூராவும் அழிஞ்சுருமுங்க. மறுபடி புதுசாத்தான் ஆரம்பிக்கணும். ஞாபகம் வச்சுக்கோங்க மேடம்" என்றார். என் ஞாபகத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? பொள்ளாச்சி, தாராபுரம், காங்கேயம் என்று அத்தனை ஊர் எஸ்.டி.டி. கோடும் இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன்.

சரியாக வேலை செய்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்தேன். அடுப்பில் தோசை கருகிவிட்டது.

ஜூன் 10

செருப்புத் திருடன் பிடிபட்டான். பின்னால் காலி மனையில் இருக்கிற செவலை நாய். மாட்டியதைக் கழற்றுவானேன், கேமராக்கள் இருக்கட்டும் என்று தலைவரும் நானும் முடிவுசெய்தோம்.

ஜூன் 17

காலையில் காபியோடு ஒரு முறை, மத்தியானம் சீரியல் நேரத்தில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கேமராவைப் பார்க்கிறேன். சீரியலை நிறுத்திவிட்டேன். பொறுப்பு என்று ஒன்று வந்துவிட்டால் பொழுதுபோக்கை விட்டுத்தான் ஆக வேண்டும்.

முதல் மாடிக்காரர் சிகரெட்டை விட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறார். பார்க்கிங் தூணுக்குப் பின்னால் இன்னும் விடவில்லை. நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

தலைவரின் மருமகள் சுபாஷினி லிஃப்டில் அழுகிறாள். தினமும். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு லிஃப்டுக்குள் வருவாள், போனில் யாரிடமோ பேசுவாள், கண்ணைத் துடைப்பாள். நான்காவது மாடியில் கதவு திறக்கும்போது முகம் பளிச்சென்று ஆகிவிடும். இவ்வளவு நல்ல பெண்ணுக்கு என்ன குறையோ?

ஜூன் 19

தலைவரைக் கோயிலில் பார்த்தேன். அக்கறையில்தான் சொன்னேன், மருமகள் அழுகிறாள், என்னவென்று கேளுங்கள் என்று. அவர் சிரித்துக்கொண்டே, "அப்படீங்களா?" என்றார். மாலையில் வீட்டுக்கு வந்து ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். தலைவர் கேட்கும்போது எப்படி மறுப்பது? காட்டினேன். அழுகையை அவர் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைத்தான் பார்த்தார். எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டார்.

ஜூன் 24

சுபாஷினி இப்போது லிஃப்டில் வருவதில்லை. நான்கு மாடியும் படியேறித்தான் போகிறாள். உடற்பயிற்சி போலிருக்கிறது. இந்தக் காலத்துப் பெண்களுக்கு அது நல்லதுதான். கையில் போனும் இல்லை. அதுவும் நல்லதுதான்.

படியில் எதிரே வந்தவளிடம், "நல்லாருக்கியாம்மா?" என்றேன். "நீங்கதான் தினம் பாக்கறீங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள். என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குப் புரியவில்லை.

இன்று மாலை கேமராவைப் பார்க்கவில்லை. கண் வலி.

ஜூலை 1, திங்கள்

பால் வரும் நேரத்துக்கு ரெபெக்கா வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பை. பையனின் இடது கை கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பெண்ணின் காலில் இருந்த செருப்புகள் வேறு வேறு ஜோடி. அதை அவள் இன்னும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வாசலில் வைத்திருக்கிற வருகைப் பதிவு நோட்டில் ரெபெக்கா "உறவினர்கள்" என்று மட்டும் போட்டிருக்கிறாள். பெயர் எழுத வேண்டும் என்பது விதி. நான் போட்ட விதி.

ஜூலை 2

விதியைச் சொல்லிவிட்டு வரலாம் என்று மேலே போனேன். ரெபெக்கா வேலைக்குப் போயிருந்தாள். அவள்தான் திரும்பி வந்தாள் என்று நினைத்து அந்தப் பெண் கதவைத் திறந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் கதவை மூடக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள். வருகைப் பதிவைப் பற்றிப் பேச அது நேரமில்லை. "தண்ணி குடும்மா" என்றேன். அவள் கொண்டுவந்ததை அவளுக்கே கொடுத்தேன்.

பெயர் தாரணி. பையன் ஜெயசீலன். இருவரும் ரெபெக்காவின் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பதிவுத் திருமணம் ஆகிவிட்டது. பெண் வீட்டார் மேற்கே வசதியான குடும்பம், பையன் வேறு சாதி. மற்றதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு ஊர்ல தங்கினோமுங்க. ரெண்டு தடவையும் எங்கண்ணன் நேரா வாசலுக்கே வந்துட்டாருங்க. செல்போன் டவரை வச்சு யாரோ எடுத்துக் குடுத்திருக்காங்க. ரெண்டாவது தடவைதான் இவரு தோள்பட்டை எலும்பு போச்சு."

டெலிபோன்காரர்கள் உத்தரவு இல்லாமல் அப்படியெல்லாம் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு காபி போடட்டுமா என்று கேட்டேன்.

இப்போது ஒரு பழைய போனில் ரெபெக்கா ஏதோ செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வக்கீலிடம் அதில் மட்டும்தான் பேச்சு. அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தவிர நடுவில் யாருக்கும் ஒரு எழுத்துப் புரியாதாம். திங்கட்கிழமை மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப்போவதாக வக்கீல் சொல்லியிருக்கிறார்.

நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் இப்படிப் பூட்டுப் போட்டா பேச வேண்டும் என்று கீழே இறங்கும்போது நினைத்தேன். வருகைப் பதிவில் பெயர் எழுத மறந்துவிட்டேன்.

ஜூலை 4

சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் தலைவர் ஒரு செய்தி போட்டார். மெசேஜ்களுக்கு இருக்கிற பூட்டுக்கெல்லாம் அரசாங்கத்திடம் ஒரு சாவி இருக்க வேண்டும் என்று டி.வி.யில் விவாதம் நடந்ததாம். "தவறு செய்யாதவனுக்குப் பூட்டு எதற்கு?" என்று கீழே எழுதியிருந்தார். நான் கட்டைவிரல் போட்டேன். ரெபெக்கா, "அந்தச் சாவி அரசாங்கத்திடம் மட்டும்தான் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?" என்று கேட்டிருந்தாள். இரண்டாம் மாடிக்காரர் ரோஜாப்பூப் படம் போட்டு இனிய காலை வணக்கம் சொன்னார்.

ஜூலை 5, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

பதினொரு மணி இருக்கும். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். சங்க அறைக்கு வரச்சொல்லி தலைவர் போன் செய்தார். போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முடியை ஒட்ட வெட்டிய ஒருவர், தான் வெளியூர் ஸ்டேஷன் எஸ்.ஐ. என்றார். அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தார். நடுவில் காட்டியதாக அவர் நினைப்பு. கூட வந்தவர்கள் பெண்ணின் அண்ணனும் சித்தப்பாவும்.

"ஒரு பொண்ணைக் கடத்திட்டு வந்துட்டானுங்க மேடம். இந்தத் தெருவுலதான் இறக்கிவிட்டதா ஆட்டோக்காரர் சொல்றாரு. ஒண்ணாம் தேதிப் பதிவைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் அந்த எஸ்.ஐ.

"எழுத்துல ஏதாச்சும் கொண்டாந்திருக்கீங்களா?"

"எழுத்தா? பொண்ணோட உசுரு விஷயமுங்க மேடம்."

அண்ணன்காரர் மிகவும் மரியாதையானவர். எழுந்து நின்று கும்பிட்டார். "அக்கா, எந்தங்கச்சியைக் கண்ணுல பாத்தாப் போதுமுங்க. கூட்டிட்டுப் போய் நல்லபடியா வச்சுக்குவோம்" என்றார். கும்பிட்ட கையில், வலது கை விரல் முட்டிகள் நான்கிலும் புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இரும்புக் கேட்டு இடிச்சிருச்சுங்க" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை.

தலைவர், "குடுங்க மேடம். நம்மகிட்ட ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றார். என்னுடைய வாசகம்தான். அவர் வாயில் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

போனை எடுத்துக் கடவுச்சொல்லைப் போட்டேன். தவறு என்று வந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். வாட்ச்மேன் ஆறுச்சாமி ஓடிப்போய் எடுத்துவந்தார். போட்டேன். தவறு. பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று குழப்பமாக இருந்தது. மறுபடி தவறு.

"பதட்டப்படாதீங்க அக்கா. மெதுவா யோசிங்க" என்றார் அண்ணன்காரர். எவ்வளவு பொறுமை!

மெதுவாக யோசித்தேன். நான்காவதும் தவறு. தலைவர், "மேடம், இருங்க, கம்பெனிக்காரரைக் கேட்டுட்டு..." என்று கையை நீட்டுவதற்குள் ஐந்தாவதும் போட்டுவிட்டேன். வயதானால் விரல் நம் பேச்சைக் கேட்பதில்லை. திரை ஒரு முறை வெள்ளையாகி, "வருக! புதிய கணக்கைத் தொடங்குங்கள்" என்றது.

கேமரா கம்பெனிக்காரரை எல்லார் எதிரிலும் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "இதெல்லாம் ஒரு பூட்டா? சொந்தக்காரங்களுக்கே திறக்கலைன்னா எதுக்குய்யா விக்கறீங்க?" என்றேன். "அதுதானுங்க மேடம் அதோட சிறப்பு" என்றார். திங்கட்கிழமை சாயங்காலம்தான் வந்து மறுபடி ஓடவைக்க முடியுமாம்.

கடவுச்சொல் உண்மையிலேயே மறந்துவிட்டது. யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் தெரிந்திருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அவர்கள் தெருவிலேயே காரை நிறுத்திக்கொண்டு இருக்கிறார்கள். நாளைக் காலை வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டுவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். முதலில் வாடகைக்காரர்கள் வீடாம்.

ரசம் வைக்கவில்லை. தயிர்சாதம் போதும் என்றாகிவிட்டது.

ஜூலை 6

நேற்று மாலை என் அக்காவின் பேத்தியும் அவள் கணவரும் வந்திருக்கிறார்கள். மூன்றாம் மாடியிலிருந்து படிவழியாகத்தான் வந்தார்கள். எனக்கு அக்கா கிடையாது என்பது வேறு விஷயம்.

காலையில் அந்த மூன்று பேரும் தலைவரோடு எல்லா வீட்டுக்கும் போய்விட்டு வந்தார்கள். ரெபெக்கா வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்களாம். என் வாசலுக்கு வந்ததும் தலைவர், "செயலாளர் வீடு வேண்டாமுங்க" என்றார். அண்ணன்காரர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பில் கொடுத்தேன். அவர் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தபோது அலமாரித் துண்டுக்கு அடியிலிருந்து நந்து பேசினான்.

"அம்மா, காலையில வீட்ல ஒரு பொண்ணு பேசுச்சே, யாரும்மா அது?"

அண்ணன்காரர் சொம்பை இறக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "யாரது? யாரு பேசறது?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா, நந்து."

"எந்த நந்து? என் வீட்டுக்காரர் வெளிய போயிருக்காருங்க. அப்புறம் வாங்க."

என் வீட்டுக்காரர் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. தலைவருக்கு அது தெரியும். அவர் அண்ணன்காரரின் தோளைத் தொட்டு, தாழ்ந்த குரலில், "நேத்தே நினைச்சேனுங்க. வயசாயிருச்சு பாவம். தனியா வேற இருக்காங்க. பொண்ணு பேசுதுன்னா இவுங்களேதான் பேசியிருப்பாங்க" என்றார். அண்ணன்காரர் சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு, மறுபடி கும்பிட்டுவிட்டுப் போனார்.

அலமாரி, "அம்மா... அம்மா..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கதவைத் தாழ் போட்டுவிட்டு அதன் ஒயரைப் பிடுங்கினேன்.

உள்ளே போனால் தாரணி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, சத்தம் வராமல் இருக்கத் தன் கையையே கடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 7, ஞாயிறு

நந்து ஒன்பது தடவை கூப்பிட்டான். ஒரு தடவை எடுத்தேன். "நான் யாருன்னு தெரியுதாம்மா?" என்றான். தெரிகிறது என்றேன். வேறென்ன சொல்வது? வாரா வாரம் தலைவருக்குப் போன் போட்டு என்னைப் பற்றி விசாரிக்கிறவன் அவன். சொன்னால் அடுத்த நிமிடம் அங்கே போய்விடும். உடம்பு கொஞ்சம் அசதி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாளைக் காலை கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். தெருமுனையில் கார் நிற்கிறது. ரெபெக்காவின் ஸ்கூட்டரில் கைக்கட்டோடு ஒருவரையும் ஒரு பெண்ணையும் எப்படி ஏற்றுவது?

மத்தியானம் சுபாஷினி துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போவதைப் பார்த்து நானும் ஒரு வாளியோடு போனேன். நான் பேச ஆரம்பித்ததும் கொடியில் போட்ட துணியைத் திரும்ப எடுக்க ஆரம்பித்தாள். அப்படியும் சொல்லி முடித்தேன். என்ன சொன்னேன் என்று எழுதவில்லை.

எடுத்த துணியை வாளியில் போட்டுக்கொண்டே பேசினாள். "எங்கண்ணன்கிட்டதான் பேசிட்டிருந்தேனுங்க லிஃப்டுல. உடுமலையில ஒரு ஸ்கூல்ல வேலை இருக்குதுன்னு. அது மட்டும்தான். போனைப் புடுங்கிட்டாங்க."

கீழே விழுந்திருந்த கிளிப்பை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"மாமனார் காரை நான் எடுத்தா அந்த ரெண்டு பேரையும் கேமராவுல பாத்துட்டு யார்கிட்டச் சொல்லுவீங்க?"

"கேமரா ஓடலைம்மா."

"ஓடுனா?"

என் வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறினேன். அவள் கடைசித் துணியையும் வாளியில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனாள். என் துணிகளைக் காயப்போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 8, திங்கள்

காலை எட்டே முக்காலுக்குப் பார்க்கிங்கில் ஹாரன் சத்தம். சுபாஷினி, மாமனாரின் பெரிய வெள்ளைக் காரின் பின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். முன் சீட்டில் அவள் மகள், சீருடை இல்லாமல். பின்னால் ஒரு சூட்கேஸ்.

அக்கா பேத்தியும் கணவரும் பின் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டார்கள். மேலே என் ஜமக்காளத்தைப் போட்டேன். பையனுக்குத் தோள் வலித்திருக்கும், சத்தம் வரவில்லை. தாரணி என் கையைப் பிடித்தாள். "லெட்டர் ஏதாச்சும் எழுதுங்க" என்று சொல்ல நினைத்து, "எதுவும் எழுத வேண்டாம்" என்றேன்.

நான் கேட்டருகே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல நின்றேன். கண்ணாடியில் பம்ப்செட் கம்பெனியின் பெயர் ஒட்டிய காரைப் பார்த்ததும் தெருமுனையில் நின்ற அண்ணன்காரர் தன் காரைப் பின்னால் எடுத்து வழிவிட்டார். வணக்கமும் வைத்தார். இரண்டு நாளாகத் தலைவர் வீட்டில் காபி குடித்த மரியாதை.

மத்தியானம் இரண்டரைக்கு ரெபெக்கா வந்து சொன்னாள். மாஜிஸ்திரேட் தாரணியிடம் நேரில் கேட்டிருக்கிறார். வயது வந்தவள், விருப்பப்பட்டுத்தான் வந்தேன் என்று சொன்னாளாம். பாதுகாப்புக் கொடுக்க உத்தரவு. உத்தரவு எழுத்தில் இருக்கிறது. எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று ரெபெக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு விஷயத்தைக் கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

சுபாஷினி கோர்ட்டில் அவர்களை இறக்கிவிட்டு, அப்படியே உடுமலைப்பேட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கார் மட்டும் சாயங்காலம் அங்கிருந்து ஒரு டிரைவரோடு திரும்பி வந்தது.

ஜூலை 10

அண்ணன்காரர் புகார் கொடுத்திருக்கிறார், நான் வேண்டுமென்றே ஆதாரத்தை அழித்தேன் என்று. நம் பகுதி ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் காவலர் வந்து மரியாதையாக விசாரித்தார். மறந்துவிட்டது என்றேன். எழுதிக்கொண்டார்.

தலைவர், "ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிக் குடுத்துட்டா முடிஞ்சுதுங்க மேடம். உங்க மகனும் அதையேதான் சொல்றாரு" என்றார். இப்போதெல்லாம் என்னிடம் பேசும்போது சத்தமாகவும் நிறுத்தி நிறுத்தியும் பேசுகிறார். "சாப்... டீங்... களா?" என்கிறார்.

ஜூலை 15

நரம்பு டாக்டரிடம் போனேன். தலைவரின் மனைவி துணைக்கு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அதனால் பரீட்சையை ஒழுங்காக எழுத வேண்டியிருந்தது.

இன்று என்ன கிழமை என்றார். புதன் என்றேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று வரை போனேன், அடுத்து எண்பத்தெட்டு என்றேன். வாழ்நாளில் ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்லி யாருக்கும் இணைப்புக் கொடுத்ததில்லை நான். கடிகாரம் வரையச் சொன்னார். ஒன்பதையும் மூன்றையும் ஒரே பக்கம் போட்டேன். அப்படிப் போட என் கை கூசியது. மூன்று வார்த்தைகளைச் சொல்லி, கடைசியில் திருப்பிக் கேட்டார். ஒன்றுகூட நினைவில்லை என்றேன்.

மாம்பழம், ஊசி, குதிரை.

டாக்டர் என் தோளைத் தட்டி, "பயப்படாதீங்கம்மா, ஆரம்ப நிலைதான். ஆனா தனியா இருக்கக் கூடாது" என்றார். தலைவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரை எனக்கு எப்போதும் பிடிக்காது. இன்று கொஞ்சம் பிடித்தது.

செயலாளர் பதவியிலிருந்து என்னை விடுவித்து, சேவையைப் பாராட்டிச் சால்வை போடப்போகிறார்களாம்.

ஜூலை 19

தலைவர், மருமகள் ஆடிக்கு அம்மா வீடு போயிருப்பதாக எல்லோரிடமும் சொல்கிறார். கல்யாணமாகி ஏழு வருடமான பெண்ணுக்கு என்ன ஆடி என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கலாம், எனக்குத்தான் மறதி. கேட்கவில்லை.

ஜூலை 20

நந்து வந்துவிட்டான். இரண்டு வாரம் லீவாம். வாசலிலேயே கட்டிக்கொண்டான். இளைத்திருக்கிறான். தட்டில் இட்லி வைத்துவிட்டு, "அம்மா, இது இட்லி" என்றான். சாப்பிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

மொட்டை மாடியில் கேமரா கிடையாது. துணி காயப்போட உதவிக்கு வா என்று அவனைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக் காட்டினேன், இரண்டு வரை. அப்புறம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"எந்த நந்துன்னு கேட்டியேம்மா. அன்னிக்குக் கடைக்குப் போற வழியில காரை ஓரமா நிறுத்திட்டு அழுதேன்."

"தெரியும் சாமி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ தலைவருக்குப் போன் பண்ணியிருப்ப."

"உன்னை நல்லாப் பாத்துக்கச் சொல்லத்தாம்மா அவருக்குப் பண்றதே."

"அதுவும் தெரியும்."

ஒரு போர்வையை இரண்டு பேரும் இரண்டு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். பிழிந்து முடித்ததும் சொன்னான்.

"அந்தக் கேமராவும் பூட்டுப் போட்டதுதாம்மா. வேற யாராலயும் பாக்க முடியாது. நான் மட்டும்தான் பாப்பேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு போர்வையைக் கொடியில் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டான். காலி வாளியை அவன் தூக்கிக்கொள்ள, கீழே இறங்கினோம்.

ஜூலை 22

காலையில் நந்து நடைப்பயிற்சிக்குப் போனான். வீட்டுச் சாவி அவன் பாக்கெட்டில் இருந்தது. நானே எடுத்துக் கொடுத்தேன். முக்கால் மணி கழித்துக் காலிங்பெல் அடித்தது. கதவு ஓட்டை வழியாகப் பார்த்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

உள்ளே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் தலைவாரி, புடவையைச் சரிசெய்துகொண்டு, சற்று நேரம் கழித்தே போய்க் கதவைத் திறந்தேன். அவன் அதுவரை நின்றான்.